சயான்–டிராம்பே சாலையில் ஒரு சொல்: அறிவியல் ஆசிரியருக்கான கருவிகளின் மும்பை வரலாறு

சயானில் தொடங்கிச் செம்பூரைக் கடந்து டிராம்பே நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு வி. என். புரவ் மார்க் என்று பெயர். இந்திய அறிவியல் ஆசிரியர்களுக்காக உருவான இணைய வளங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இச்சாலையைத் தவிர்க்க இயலாது. தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், சற்றுத் தொலைவில் மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமும் இதே சாலையில், ஒரே அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குள் அமைந்துள்ளன. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்நாட்டு ஆசிரியர் கையில் வந்துசேர்ந்த பாடப்பொருள்கள், மென்பொருள் தளங்கள், பயிற்சி முறைகள் பலவற்றின் தோற்றுவாய் இவ்விரு வளாகங்களில் இருக்கிறது.

சாலையின் மறுமுனையில், சயானை ஒட்டி, தாராவி. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகக் குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் செறிந்து வாழும் இடம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். ஆயினும் ஒரு முனையில் உருவாகும் கருவி மறுமுனைத் தமிழ்வழி வகுப்பறையை எட்டுவதில்லை. எட்டினாலும் பயன்படுவது அரிது. இதற்குக் கணினி இல்லாமை, இணைய வேகம், செலவு ஆகியவையே காரணம் என்பது வழக்கமான விடை. அவை மெய்யே. எனினும் மான்கூர்டு மையத்தின் தொடக்க கால ஆய்வுகளைப் படிப்போருக்கு வேறொரு காரணம் புலப்படும். அது மொழி. இம்மையம் இணையம் பிறப்பதற்கு முன்பே அதைக் கண்டறிந்து எழுதிவைத்தது என்பதுதான் இவ்வரலாற்றின் வியப்பு.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர் சிலர் 1960களிலேயே பம்பாய் நகராட்சிப் பள்ளிகளின் அறிவியல் கற்பித்தலில் ஈடுபாடு கொண்டிருந்தனர். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறைவழி அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியபோதும் இந்நிறுவனத்தார் துணை நின்றனர். ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974இல் நிறுவப்பெற்றது. பி. எம். உத்காவ்கர் போன்றோரின் முனைப்பும் வி. ஜி. குல்கர்ணியின் தலைமையும் அதற்கு உருக்கொடுத்தன. இன்றைய மான்கூர்டு வளாகம் பின்னர் வந்தது. மையம் தன் முதற்காலத்தைக் கழித்தது நானா சௌக்கில், ஒரு நகராட்சிப் பள்ளிக் கட்டடத்தில். ஆய்வாளர் மாடி இறங்கினால் வகுப்பறை. இந்த இட நெருக்கம் அம்மையத்தின் கேள்விகளை வடிவமைத்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் நாட்டின் மாபெரும் கல்வித் தொழில்நுட்ப முயற்சி ஒன்றும் நடந்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் பெற்று, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. யஷ் பால் தலைமையிலிருந்த விண்வெளிப் பயன்பாட்டு மையம் இதில் முதன்மைப் பங்கு வகித்தது. சிறுவர்க்கான அறிவியல் நிகழ்ச்சிகளை இஸ்ரோ தன் பம்பாய்ப் படப்பிடிப்புக் கூடத்தில் தயாரித்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஏறத்தாழ 50,000 பேருக்குத் தொலைக்காட்சி, வானொலி, அச்சுக் கையேடு ஆகியவற்றை இணைத்து அறிவியல் கற்பித்தலில் பயிற்சி தரப்பட்டது. ஆசிரியப் பயிற்சிக்குத் தொழில்நுட்பத்தை இத்தனை பெரிய அளவில் பயன்படுத்திய நிகழ்வு அக்காலத்தில் உலகிலேயே அரிது.

மொழி பற்றிய ஒரு செய்தி இதில் பலரும் கவனியாதது. அச்செயற்கைக்கோள் ஒரு படத்துடன் இரண்டு ஒலித்தடங்களை அனுப்ப வல்லது. ஆந்திரமும் கர்நாடகமும் ஒரே படத்தைத் தத்தம் மொழியில் கேட்டன. பல மொழி நாட்டில் ஒரு படத்தை எடுத்துக் குரலை மட்டும் மாற்றினால் போதும் என்ற எண்ணம் இங்கே பொறியியல் வடிவம் பெற்றது. இன்றுவரை இந்தியக் கல்வித் தொழில்நுட்பம் இந்த எண்ணத்தின் மீதே நடக்கிறது. தமிழகம் அந்த ஆறு மாநிலங்களில் இடம்பெறவில்லை. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பப் பெறப்பட்டது. பெட்டிகள் இருண்டன.

ஒலித்தடத்தை மாற்றுவது போதுமா என்ற கேள்வியை நானா சௌக்கில் இருந்தவர்கள் வேறு முனையிலிருந்து எழுப்பினர். குல்கர்ணியும் வி. ஜி. கம்பீரும் அறிவியல் கல்வியில் மொழித்தடையின் விளைவு பற்றி 1981இல் வெளியிட்ட கட்டுரை, இந்திய அறிவியல் கல்வி இலக்கியத்தில் தனி இடம் பெறத்தக்கது. அவர்கள் ஆராய்ந்த மாணவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகவும் பயிற்று மொழியாகவும் கொண்டவர்கள். தாய்மொழியில் படிப்போருக்கு மொழித்தடை ஏது என்று கேட்கத் தோன்றும். கட்டுரையின் வலிமையே அங்குதான் உள்ளது. பாடநூல் பேசிய மராத்தி, நகராட்சிப் பள்ளிக் குழந்தையின் வீட்டு மராத்தி அன்று. பாடத்தின் அறிவியல் உள்ளடக்கத்தைக் குறைக்காமல் மொழியை மட்டும் எளிமையாக்கித் தந்தபோது மாணவரின் புரிதலும் தேர்ச்சியும் மேம்பட்டன. அறிவுக்குறை என்று எண்ணப்பட்டதன் ஒரு பகுதி மொழிக்குறை என்பது இவ்வாறு வெளிப்பட்டது. தொடர்ந்து, நகராட்சிப் பள்ளிகளின் பட்டியல் சாதி மாணவர்களிடையே குல்கர்ணியும் எஸ். சி. அகர்கரும் மேற்கொண்ட திறன் வளர்ப்புத் திட்டத்திலும் மொழிப் பயிற்சி முக்கிய இடம் பெற்றது. அம்மாணவர்கள் பள்ளி இறுதித் தேர்வில் பெற்ற தேர்ச்சி, திறன் யாரிடம் இருக்கும் என்ற நகரத்தின் முன்முடிவைக் கலைத்தது.

மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய செய்தியாகத் தோன்றலாம். மைக்கேல் ஹாலிடேயும் ஜே. ஆர். மார்ட்டினும் அறிவியல் எழுத்தின் இலக்கணம் குறித்து வெளியிட்ட நூல் 1993இல்தான் வந்தது. வினையைப் பெயராக்கி, பெயர்களை அடுக்கி, செயலைச் செய்பவரை மறைத்து எழுதும் நடையே அறிவியல் மொழியின் கடினத்துக்கு அடிப்படை என்று அவர்கள் ஆங்கிலத்தை வைத்து விளக்கினர். தமிழுக்கும் இது பொருந்தும். ‘ஓரலகு நேரத்தில் ஏற்படும் திசைவேக மாறுபாட்டின் வீதம்’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் கலைச்சொல் என்று சொல்லத்தக்கது ஒன்றிரண்டே. மாணவரைத் தடுமாறச் செய்வது ‘ஏற்படும்’, ‘மாறுபாட்டின்’, ‘வீதம்’ என்று வினைகள் பெயர்களாய் உறைந்து நிற்கும் அடுக்கு. ‘ஒவ்வொரு நொடியும் திசைவேகம் எவ்வளவு மாறுகிறது’ என்றால் அதே கருத்து ஓடத் தொடங்குகிறது. கலைச்சொல்லாக்கத்தில் நூறாண்டு உழைத்த தமிழுலகம், தொடரமைப்பைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்கும் சிந்திக்கவில்லை என்று சொல்வது மிகையாகாது.

மும்பைத் தமிழரிடையே இந்த மொழித்தடை ஒரே அளவில் விழவில்லை. மாட்டுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அதைச் சூழ்ந்த நடுத்தர வர்க்கமும் விரைவிலேயே ஆங்கிலவழிக் கல்வியில் நிலைகொண்டன. அங்கிருந்து விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் வேதித் தொழில்நுட்பத் துறைக்கும் நடந்தே போகலாம். செம்பூரின் குடியிருப்புகளும் இதே வழியில் சென்றன. ஆங்கிலத்தில் வெளியாகும் எந்த இணைய வளமும் இவ்வீடுகளுக்கு அன்றே பயன்படும். தாராவியின் நகராட்சித் தமிழ்ப் பள்ளி மாணவருக்கோ தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்ற நான்கும் நாள்தோறும் காதில் விழுகின்றன. அறிவியலை எழுத்தில் எதிர்கொள்ளும் மொழி இவற்றுள் ஒன்று. தமிழ்வழியில் உயர்நிலை வகுப்புகள் அரிதாக இருப்பதால், 7ஆம் அல்லது 8ஆம் வகுப்புடன் வேறு பயிற்று மொழிக்கு மாறுவது நெடுநாளைய வழக்கம்.

இணைய காலத்தில் வி. என். புரவ் மார்க்கின் பங்களிப்பு பெரிது. மான்கூர்டு மையத்தில் ஜி. நாகார்ஜுனா வழிநடத்திய ஆய்வகம், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கொள்கையைக் கல்விக்குக் கொண்டுவந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2013 ஆகஸ்டில் தொடங்கிய தேசிய திறந்த கல்வி வளக் களஞ்சியத்துக்கு இவ்வாய்வகத்தின் மென்பொருளே அடித்தளம். எவரும் எடுத்து, மாற்றி, மீண்டும் பகிரலாம் என்ற உரிமத்தை அரசுக் கல்வித் தளம் ஒன்று ஏற்றது அன்றைய சூழலில் சிறிய செயல் அன்று. 2015இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், டாட்டா அறக்கட்டளைகள் இணைந்து ‘கிளிக்ஸ்’ எனச் சுருங்க அழைக்கப்பட்ட இணைப்புக் கற்றல் முயற்சியைத் தொடங்கின. ராஜஸ்தான், சத்தீஸ்கர், தெலங்கானா, மிசோரம் ஆகிய மாநில அரசுப் பள்ளிகளில் கணிதம், அறிவியல், ஆங்கிலப் பாடக்கூறுகள் செயல்படுத்தப்பட்டன. அதன் வடிவமைப்பாளர் எடுத்த ஒரு முடிவு பாராட்டுக்குரியது: இணைய இணைப்பை நம்பாமல், பள்ளிக்குள்ளேயே ஒரு வழங்கிக் கணினியை வைத்துத் தளம் முழுவதையும் அதில் ஏற்றினர். இணைப்பு அறுந்தாலும் பாடம் அறாது. இம்முயற்சிக்கு யுனெஸ்கோவின் 2017ஆம் ஆண்டுக்கான தகவல் தொழில்நுட்பக் கல்விப் பரிசு கிடைத்தது.

பாடக்கூறுகளின் மொழிகள் ஆங்கிலம், இந்தி, தெலுங்கு. திட்டம் நடந்த மாநிலங்களைப் பார்த்தால் இது இயல்பே. குறை கூற இடமில்லை. ஆனால் தேவ்னாரில் உருவான கருவி ஐசாலுக்குச் சென்றது, தாராவித் தமிழ் வகுப்புக்குச் செல்லவில்லை என்பது வரலாற்றுச் செய்தியாகப் பதிவாக வேண்டியது. மொழிச் சிறுபான்மையினரின் வகுப்பறை எந்த மாநிலத் திட்டத்தின் கணக்கிலும் நேராக வருவதில்லை.

அவ்வாசிரியருக்குக் கைகொடுக்கக்கூடியது தமிழகத்தில் உருவான வளம். 2018–19 முதல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் கியூஆர் குறியீடுகளுடன் வெளிவந்தன. அவை 2017இல் தொடங்கப்பட்ட ‘தீக்ஷா’ தளத்துடன் இணைந்தன. பாட இறுதியில் இணையச் செயல்பாட்டுப் பக்கங்களும் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அதன் பாடங்களை மும்பையிலிருந்தும் யூடியூபில் காண முடிந்தது. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவரும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழை, கருவி எதுவும் கேளாத கருவி என்றே சொல்லலாம். உலகளவில், இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ உருவகப் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மின்சுற்றை இணைக்கலாம், ஊசலை ஆட்டலாம், அணுவைக் கட்டலாம்; ஆய்வகம் இல்லாத பள்ளிக்கு இது பெரும் பேறு. தரவிறக்கி வைத்தால் இணையமின்றியும் இயங்கும். தன்னார்வலர் மொழிபெயர்ப்பில் இவற்றுள் பல தமிழிலும் உள்ளன.

தொழில்நுட்பத்தின் ஆயுள் பற்றி இங்கே ஒரு சொல். ‘ஃபெட்’ பயிற்சிகளின் முதல் தலைமுறை ஜாவாவிலும் ஃப்ளாஷிலும் எழுதப்பட்டது. உலாவிகள் ஜாவாச் செயலிகளைக் கைவிட்டன. ஃப்ளாஷ் 2020 இறுதியுடன் முடிந்தது. அக்கொலராடோ குழு தன் பயிற்சிகளைப் புதிய வடிவத்தில் மீண்டும் எழுதியதால் அவை பிழைத்தன. மறுபடி எழுத ஆளும் பணமும் இல்லாத எண்ணற்ற பள்ளிப் பாடக் குறுந்தகடுகள் இன்று இயங்குவதில்லை. ஏடிஎஸ்-6க்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேர்ந்தது.

இனி, தமிழில் கிடைக்கும் வளம் தாராவி வகுப்பில் திறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை ஒரு சொல்லைக் கொண்டு காணலாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் தொலைவை நேரத்தால் வகுத்தால் வருவது ‘வேகம்’. இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் ‘திசைவேகம்’. மராத்தியிலும் இந்தியிலும் முன்னதற்குப் பெயர் ‘சால்’, பின்னதற்கு ‘வேக்’. தமிழின் வேகமும் மராத்தியின் வேக்கும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை, காதுக்கு ஒன்றே. இயற்பியலில் அவை இரு வேறு அளவுகள். ஒன்று எண்ணளவு மட்டும் கொண்டது. மற்றது திசையும் கொண்டது. ஒலி ஒத்துப் பொருள் மாறும் இத்தகைய இணைகளை மொழியியலார் போலி நட்புச் சொற்கள் என்பர். 7ஆம் வகுப்பில் தமிழில் ‘வேகம்’ கற்ற மாணவி, அடுத்த ஆண்டு இந்திவழி வகுப்பில் ‘வேக்’ என்ற சொல்லைக் கேட்டதும் தனக்குத் தெரிந்தது என்றே எண்ணுவாள். தெரியாத சொல் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வாள். தெரிந்த சொல்லாகத் தோன்றுவதால் கேட்க மாட்டாள். வட்டப்பாதையில் சீராகச் சுற்றும் பொருளின் ‘வேக்’ மாறுகிறது என்று ஆசிரியர் சொல்லும்போது குழப்பம் தொடங்கும். அது இயற்பியல் குழப்பம் என்றே விடைத்தாளில் பதிவாகும்.

சிக்கல் மராத்தியுடன் முடிவதில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் முன்னதைக் ‘கதி’ என்றும் பின்னதை ‘வேகம்’ என்றும் வழங்குகிறது. அதாவது யாழ்ப்பாணத்து ‘வேகம்’ புணேயின் ‘வேக்’குடன் ஒத்துப்போகிறது, சென்னையின் ‘வேக’த்துடன் முரண்படுகிறது. நிறையும் இவ்வாறே. தமிழகத்தில் பொருளின் அளவு ‘நிறை’, புவி அதை ஈர்க்கும் விசை ‘எடை’. இலங்கையில் முன்னது ‘திணிவு’, பின்னதே ‘நிறை’. தமிழகத்து முடுக்கம் இலங்கையில் ஆர்முடுகல், ஆக்சிஜன் ஒட்சிசன். கடைசி இரண்டும் தீங்கற்றவை. வடிவம் வேறுபடுவதால் வாசகர் விழித்துக்கொள்வார். வேகமும் நிறையும் அப்படியல்ல. இணையத்தில் தன்னார்வலர் ஒருவர் மொழிபெயர்க்கும்போது அவர் பயின்ற மரபின் சொல்லே திரையில் வரும். அது எந்த மரபு என்று திரையில் எழுதியிருப்பதில்லை. இவ்வேறுபாட்டுக்கு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய காலம் முதல் ஈழத்துக்குத் தனிக் கலைச்சொல் மரபு இருந்தது. 1950களுக்குப் பின் அரச கரும மொழித் திணைக்களம் அதை நெறிப்படுத்தியது. சேலத்தில் 1916இல் ராஜாஜி முதலியோர் நிறுவிய கலைச்சொற் சங்கத்துடன் தமிழகம் வேறொரு வழியில் நடந்தது. இரு மரபுகளும் தத்தம் அளவில் ஒழுங்கானவை. இரண்டும் ஒரே திரையில் சந்திக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆசிரியர்கள் சிலர் மொழி குறைவாகத் தேவைப்படும் கருவிகளை நாடுவதில் நியாயம் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014இல் அறிமுகப்படுத்திய காகித நுண்ணோக்கி ‘ஃபோல்ட்ஸ்கோப்’ அத்தகையது. ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபைஃபாக்ஸ்’ செயலி கைப்பேசியின் உணரிகளை அளவுமானிகளாக மாற்றுகிறது. செம்பூரிலிருந்து மான்கூர்டுக்கு ஹார்பர் தடத்தில் செல்லும் மின்ரயிலின் தரையில் கைப்பேசியை அசையாமல் வைத்தால், வண்டி கிளம்புவதும் கோவண்டியில் நிற்பதும் வரைபடத்தில் மேடும் பள்ளமுமாக விழும். இதைவிடச் சிறந்த இயக்கவியல் பாடத்தைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் அந்த மேட்டுக்குப் பெயர் சொல்லும் கணம் வந்தே தீரும். தாராவி வகுப்பில் அது முடுக்கமா, த்வரணா? ஆசிரியர் இரண்டையும் கரும்பலகையில் எழுதி, நடுவே ஒரு கோடிட்டு, ‘வேக்’ என்றால் நம் திசைவேகம், ‘சால்’ என்றால் நம் வேகம் என்று சொல்லிவிட்டால் மாணவி காப்பாற்றப்படுகிறாள். ஒரு பக்க அளவிலான மூன்று பத்தி அட்டவணை போதும்: தமிழ்நாட்டுச் சொல், மராத்திச் சொல், இலங்கைச் சொல். செலவு ஒன்றுமில்லை. தமிழ்நாடு அரசின் சொற்குவைத் தளம் பெருந்தொகையான கலைச்சொற்களைத் திரட்டித் தருகிறது. அதன் நோக்கம் ஆங்கிலத்துக்கு நிகரான தமிழைத் தருவது. மராத்தியை ஒட்டி வாழும் தமிழ் வகுப்பு அந்நோக்கத்துக்கு வெளியே நிற்கிறது.

மென்பொருள் உலகம் மொழிகளைக் குறியீடுகளால் அறிகிறது. தமிழுக்கு ‘டிஏ’. நாட்டைச் சேர்த்தால் ‘டிஏ-ஐஎன்’, ‘டிஏ-எல்கே’ என்று இந்தியத் தமிழையும் இலங்கைத் தமிழையும் பிரிக்கலாம். பெரும்பாலான கல்வித் தளங்கள் இந்தப் பிரிவைக்கூடச் செய்வதில்லை; செய்தால் திணிவு–நிறைக் குழப்பம் தீரும். ஆனால் மகாராட்டிரப் பாடத்திட்டத்தில் அறிவியல் பயிலும் தாராவி மாணவிக்கும், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பயிலும் திருநெல்வேலி மாணவிக்கும் அந்தப் பட்டியலில் ஒரே குறியீடுதான்.